பரவல் தலைமையா, பகிர்வுத் தலைமையா?

(கையேட்டுச் சொல் ஒன்றைப் பற்றி இருவர் மாறி மாறி எழுதிக்கொண்டவை)

வணக்கம்.

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத் தமிழ்ப்பள்ளிகளுக்கான பயிற்சிக் கையேட்டில் ‘டிஸ்ட்ரிபியூட்டட் லீடர்ஷிப்’ (தலைமை ஒருவரிடம் மட்டும் நிற்காமல் பலரிடமும் இருக்கிறது என்ற கருத்து) மூன்று வேடத்தில் வருகிறது: பகிர்வுத் தலைமைத்துவம், கூட்டுத் தலைமைத்துவம், அதிகாரப் பகிர்ந்தளிப்பு. 2013–2025 மலேசியக் கல்விப் பெருந்திட்டத்தில் இந்தக் கருத்து இடம்பெற்ற பிறகு கூட்டக் குறிப்புகளிலும் ஆளுக்கொரு சொல். ஒன்றை முடிவு செய்ய வேண்டும். என் தேர்வு ‘பகிர்வுத் தலைமைத்துவம்’. கேட்டதும் புரிகிறது.

*

ஐயா, கேட்டதும் புரிகிறதுதான். ஆனால் வேறொன்றாகப் புரிகிறது.

‘பகிர்’ செயப்படுபொருள் குன்றா வினை. பகிர ஒருவர் வேண்டும். அவர் கையில் முழுதும் முதலில் இருக்க வேண்டும். தலைமையாசிரியர் எடுத்துக் கொடுக்கிறார், மற்றவர் வாங்கிக்கொள்கிறார் என்றால் அது ஒப்படைப்பு. அந்தக் காலத் தோட்டத்தில் துரை கிராணியிடம் (எழுத்தரிடம்) சொல்லி, கிராணி கங்காணியிடம் சொல்லி, கங்காணி பெரட்டில் (காலை ஆள்கணக்கெடுப்பில்) நிரை பிரித்துக் கொடுத்ததும் அதுதானே?

இந்தக் கருத்தை ஆராய்ந்த கல்வியியல் பேராசிரியர் ஜேம்ஸ் ஸ்பில்லேன் சொல்வது வேறு. வழிநடத்துபவர், உடன்செல்பவர், சூழல் ஆகிய மூன்றும் ஊடாடும் செயலில்தான் தலைமை இருக்கிறது என்கிறார். மதிப்பெண் பட்டியல், கூட்டக் குறிப்பேடு, கால அட்டவணை எல்லாம் சூழலில் அடக்கம்.

இரண்டாம் ஆண்டு வாசிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். வகுப்பறை மதிப்பீட்டில் தேர்ச்சியின் கடைநிலைகளான 1, 2இல் நிற்பவர்களை வகுப்பாசிரியர் குறிக்கிறார். எழுத்துக் கூட்டத் தடுமாறுபவர் யார், வாசித்தும் பொருள் பிடிபடாதவர் யார் என்று குறைநீக்கல் ஆசிரியர் அதே பட்டியலைப் பிரிக்கிறார். பணித்தியத் தலைவர் (பாட ஆசிரியர் குழுவின் தலைவர்) அதற்கேற்பப் பயிற்றியை (பயிற்சித் தொகுப்பை) மாற்றுகிறார். துணைத் தலைமையாசிரியர் இரண்டு வகுப்புகளின் தமிழ்ப் பாடவேளையை ஒரே நேரத்துக்கு நகர்த்துகிறார். அப்போதுதான் மாணவர்களைக் குழுவாக மாற்றி அமர்த்த முடியும். இதில் தலைவர் யார்? பட்டியல் காணாமற்போனால் நால்வரும் கையைப் பிசைய வேண்டியதுதான். யாரும் எதையும் பகிரவில்லை, தலைமை பரவிக் கிடக்கிறது.

அதனால் ‘பரவல் தலைமை’ என்கிறேன். புள்ளியியலில் ஏற்கெனவே ‘இயல்நிலைப் பரவல்’ இருக்கிறது. ‘கூட்டு’ வேண்டாம், நம் ஊரில் மாதாமாதம் பணம் போட்டு முறைவைத்து எடுப்பதுதான் நினைவுக்கு வரும். ‘தலைமை’யே பண்புப்பெயர், அதற்குமேல் ‘த்துவம்’ எதற்கு?

*

‘த்துவம்’ போகட்டும், சம்மதம். ஆனால் பரவல் என்றதும் நோய்ப் பரவல் காதில் விழுகிறதே, ஐயா.

அதைவிடப் பெரிய குறை, பரவல் எழுவாயில்லாமல் நிற்கும் சொல். 150க்கும் குறைவான மாணவர் உள்ள பள்ளியில் ஒரே ஆசிரியர் இரண்டு பணித்தியம், ஒரு விளையாட்டு இல்லம், போதாததற்குப் பெற்றோர் ஆசிரியர் சங்கச் செயலாளர் பொறுப்பும் சுமக்கிறார். பாட மானியத்தில் என்ன வாங்கலாம் என்று அவர்தான் பட்டியல் போடுகிறார். ஒப்பமிடும் அதிகாரம் மேலே இருக்கிறது. பட்டியல் மேசையில் தூங்கும். ஆண்டிறுதியில் ‘ஏன் செலவழிக்கவில்லை’ என்ற கேள்வி மட்டும் தவறாமல் இவரிடம் இறங்கும். இதற்கு ‘பரவல்’ என்று அழகாகப் பெயர் வைத்தால், அதிகாரம் பரவாததைச் சொல் மூடிவிடும்.

*

நியாயமான எச்சரிக்கை. கையேட்டில் மூன்று கருத்துகளாகப் பிரித்து வைப்போம். வேலையைக் கொடுத்து முடிவைத் தன்னிடமே வைத்துக்கொள்வது ‘பணி ஒப்படைப்பு’. முடிவெடுக்கும் உரிமையையும் சேர்த்துக் கொடுப்பது ‘பொறுப்புப் பகிர்வு’. இதற்கு நியமனக் கடிதத்திலேயே எவ்வளவு ரிங்கிட் வரை, எந்தெந்த முடிவு என்று எழுத வேண்டும். பலரிடமும் கருவிகளிடமும் தலைமை எப்படி நிகழ்கிறது என்று பார்க்கும் பார்வை ‘பரவல் தலைமை’. மூன்றாவது, பள்ளியை ஆராயும் கண்ணாடி. அதை யாருக்கும் நியமனக் கடிதத்தில் எழுதிக் கொடுக்க முடியாது. ஸ்பில்லேனும் பரவியிருப்பதாலேயே நல்லது என்று சொல்லவில்லை. கெட்ட தலைமையும் பரவும். ஆகவே நோய் வாடை கொஞ்சம் இருந்தால் பாதகமில்லை.

இன்னொரு சோதனை: ‘பகிர்வுத் தலைவர்’ என்று ஓர் ஆளைச் சுட்டிவிடலாம். ‘பரவல் தலைவர்’ என்று சொல்லிப் பாருங்கள், நாக்கு மறுக்கிறது. மறுக்கத்தான் வேண்டும், அப்படி ஒருவர் இல்லை.

*

சரி, மூன்றும் இருக்கட்டும். புணர்ச்சி விதிப்படி ‘பரவற்றலைமை’ என்று யாராவது திருத்திவிடுவதற்குள், இடைவெளி விட்டுப் ‘பரவல் தலைமை’ என்றே அச்சுக்கு அனுப்புகிறேன்.