வீக் லிங்க்: அறுகண்ணியா, முறிகண்ணியா?

உயிர்காப்பு மிதவைச் சொற்பட்டியலில் ‘வீக் லிங்க்’ (மிதவையின் கயிற்றைக் கப்பலோடு இணைத்து, குறித்த இழுப்பில் அறும் பாகம்) என்பதற்கு ‘வலுவற்ற இணைப்பு’ என்று போட்டிருக்கிறது. அதைப் படிக்கும் மாலுமி ஏதோ பழுதான பாகம் என்று எண்ணி, தடித்த கயிறாகப் பார்த்து மாற்றிக் கட்டிவிடுவார். அறுவதுதானே அதன் வேலை?

கப்பல் மூழ்கி 4 மீட்டர் ஆழம் போவதற்குள் ஹைட்ரோஸ்டாட்டிக் ரிலீஸ் என்ற விடுவிப்புக் கருவி நீரழுத்தத்தால் இயங்கி, அதன் கத்தி கட்டுவாரின் பிணைப்பை அறுத்துவிடும். மிதவை மடித்து வைத்த ஃபைபர் கூடு தாங்கியை விட்டு மேலே கிளம்பும். கப்பல் இறங்க இறங்க, மிதவையைக் கப்பலோடு பிணைக்கும் பெயின்டர் கயிறு கூட்டிலிருந்து உருவிக்கொண்டே வந்து, கடைசி இழுப்பில் வாயு உருளையின் வால்வைத் திறக்கும். உருளையில் இருப்பது கரியமில வாயு. குளிரில் உறைந்து அடைக்காமலிருக்கக் கொஞ்சம் நைட்ரஜன். 18–20 டிகிரியில் 1 நிமிடத்துக்குள், மைனஸ் 30-இல் 3 நிமிடத்துக்குள் மிதவை விரிந்தாக வேண்டும்.

ஊதிய மிதவை மேலே இழுக்கும், கப்பல் கீழே இழுக்கும். அப்போது 2.2 கிலோநியூட்டனில் (0.4 கூடக் குறைய) வீக் லிங்க் அற வேண்டும். பெயின்டர் உருவும் இழுப்புக்கே அறுந்தாலோ மிதவை ஊதவே ஊதாது. ஆகவே ‘அறுகண்ணி’ என்று வைக்கலாம்.

*

ஐயா, கருத்து சரி, சொல்தான் இடிக்கிறது. அறுகோணம், அறுசுவை பழகிய கண்ணுக்கு அது ‘ஆறு கண்ணி’. மீனவரிடம் சொன்னால் வலைக்கண்ணியைத் தேடுவார். ‘முறிகண்ணி’ எப்படி?

*

குச்சி முறியும், கயிறு அறும். பழைய வகைகளில் இது மெல்லிய கயிறு. இப்போது பரவலாக இருப்பது சிவப்பு வளையம். ‘அறுபடு வளையம்’ என்றால் இரண்டு குழப்பமும் இல்லை.

*

அதையே வைத்துக்கொள்வோம். மாட்டும்போது நேரும் இரண்டு பிழைகளையும் விளக்கத்தில் சொல்லிவிடுங்கள். பெயின்டர் முனையை நேராகத் தாங்கியின் இரும்பில் கட்டினால், ஊதிய மிதவையையும் கப்பல் கீழே இழுத்துப் போகும். இல்லையேல் பெயின்டரே கிழியும். கூட்டைத் தாங்கியோடு பிணைக்கும் கட்டுவாரில் மாட்டினால் வேறு கேடு: கட்டு அறுந்ததுமே பெயின்டரும் விடுபட்டு, இழுக்க ஆளில்லாமல் கூடு மூடியபடியே மிதந்து போகும். பெயின்டர் முனையின் ஷாக்கிளை (இணைப்பு வளையத்தை) மாட்ட வேண்டியது அறுபடு வளையத்தில் மட்டுமே. ஒருமுறைப் பயன்பாட்டு ரிலீஸ்களை 2 ஆண்டுக்கு ஒருமுறை மாற்றும்போது இந்த இடத்தில்தான் மாற்றி மாட்டிவிடுகிறார்கள். படம் ஒன்றும் போட்டுவிடுங்கள்.