முதுகு காட்டி நிற்கும் உருவத்துக்கு ஒரு சொல்

வணக்கம் ஐயா,

பார்வையாளருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஓவியத்தின் உட்புறம் பார்த்து நிற்கும் ஆளை ஜெர்மானியத் திறனாய்வில் 'ரூக்கன்ஃபிகூர்' என்கிறார்கள். நம் கலைச்சொல் பட்டியலில் அதற்குத் தமிழில் நீங்கள் தந்த 'புறங்காட்டி' சுருக்கமாக இருக்கிறது, சொல்லவும் எளிது. ஆனால் எனக்கு மனம் ஒப்பவில்லை. புறங்காட்டுவது என்றாலே களத்தில் தோற்று ஓடுவதுதான் நினைவுக்கு வரும். மகன் புறமுதுகிட்டான் என்று ஊரார் சொல்லக் கேட்ட தாய், வாளோடு பிணங்களைப் புரட்டிப் பார்க்கும் புறநானூற்றுப் பாட்டை நாமெல்லாரும் படித்திருக்கிறோம். அந்தப் பழி, ஜெர்மன் ஓவியர் காஸ்பர் டேவிட் ஃப்ரீட்ரிக்கின் ஓவியங்களில் இப்படி நிற்கும் மனிதர்கள்மேல் விழக்கூடாது. எதிரே இருப்பதை அசையாமல் பார்த்து நிற்கிறவர்கள் அவர்கள்.

1818 வாக்கில் அவர் வரைந்த, ஹாம்பர்க்கில் இருக்கும் 'மூடுபனிக் கடலுக்கு மேல் நடைப்பயணி'யை எடுத்துக்கொள்வோம். கரும்பாறை உச்சி, கரும்பச்சைக் கோட்டு, கையில் ஊன்றுகோல், காற்றில் கலைந்த தலைமுடி. இரண்டு பக்கமும் சரிந்து வரும் மலைக்கோடுகள் அவன் மார்பருகே வந்து கூடுகின்றன. அதாவது, நம் கண் போய்ச் சேரவேண்டிய இடத்திலேயே அவன் நிற்கிறான். அவன் நின்று பார்க்கும் இடத்துக்கு நம்மைக் கூப்பிடுகிறான், அதே நேரம் மறைக்கவும் செய்கிறான். இயற்கையை வென்றவன் என்று சிலர் சொல்வார்கள், அதன்முன் தன் சிறுமையை உணர்ந்தவன் என்று வேறு சிலர். முகம் தெரிந்திருந்தால் இந்த வழக்கு அன்றே தீர்ந்திருக்கும். தெரியாததால்தான் இரண்டு பொருளும் இன்னும் உயிரோடு இருக்கின்றன. தற்செயலாக அமைந்ததும் இல்லை இது. எல்பே மணற்கல் மலைப்பகுதியில் ஃப்ரீட்ரிக் தனித்தனியாக வரைந்துவந்த பாறைகளை டிரெஸ்டன் ஓவியக்கூடத்தில் சேர்த்துக் கட்டிய காட்சி.

இன்னொரு நண்பர் சொன்ன 'இயற்கைநோக்கி' இந்த ஓவியத்துக்குப் பொருந்தும். 1822இல் ஃப்ரீட்ரிக் வரைந்த 'சன்னலோரப் பெண்'ணுக்குப் பொருந்தாது. அதில் இருப்பது அவர் மனைவி கரோலின். பெரும்பகுதி இருண்ட அறைதான். சன்னலுக்கு வெளியே படகின் பாய்மரமும் மரங்களும் கொஞ்சம் வானமும் தெரிகின்றன, அவ்வளவுதான். அவளுக்குத் தெரிவது நமக்குத் தெரியவில்லை, அந்த ஏக்கம்தான் ஓவியமே. ஆகவே சொல், நிற்கும் நிலையைக் குறிக்க வேண்டும்; பார்க்கப்படும் பொருளை அல்ல.

'பின்னுருவம்' என்றால் பின்னணியில் இருக்கும் உருவம் என்று படித்துவிடுவார்கள். 'பின்னோக்கி' திரும்பிப் பார்ப்பதாகிவிடும். நான் முன்வைப்பது 'முதுகுருவம்'. முதுகு என்பது கொச்சையாகத் தோன்றுகிறது என்று யாராவது சொல்லலாம். ஜெர்மனிலும் 'ரூக்கன்' என்பது வீட்டில் புழங்கும் சாதாரணச் சொல்தான். ஒரே ஒரு சிக்கல், 'முது குருவம்' என்று பிரித்துப் படிக்க வாய்ப்பு உண்டு. கட்டுரையில் முதன்முதலாக வரும் இடத்தில் 'முதுகு உருவம்' என்று பிரித்து எழுதிவிட்டால் போதும், அப்புறம் சேர்த்தே எழுதலாம்.

உருவத்தின் அளவையும் பொருட்படுத்த வேண்டாம். ஃப்ரீட்ரிக்கின் 'கடலோரத் துறவி' ஓவியத்தில் துறவி மிகச் சிறிய உருவம்தான். முதலில் வரைந்த கப்பல்களையும் அழித்துவிட்டு, கடலுக்கும் வானத்துக்கும் எதிரே அவரை மட்டும் விட்டுவைத்தார் ஃப்ரீட்ரிக். பழைய நிலக்காட்சிகளில் இடம் நிரப்ப வரும் ஆடுமேய்ப்பர்களோடு அவரைச் சேர்க்க முடியாது.

பட்டியலில் இப்படிச் சேர்க்கலாமா, பார்த்துச் சொல்லுங்கள்:

முதுகுருவம்: பார்வையாளருக்கு முதுகு காட்டி, ஓவியத்துக்குள் இருப்பதைப் பார்த்தபடி அமைந்த மனித உருவம். எ-டு: 'ஃப்ரீட்ரிக்கின் முதுகுருவங்களுக்கு முகம் கொடுப்பவர் பார்வையாளரே.'