சின்னப் பள்ளிக்கு மனநல ஆலோசகர் கிடைப்பாரா?

வணக்கம். கோத்தகிரிப் பக்கம், தேயிலைத் தோட்டப் பிள்ளைகள் படிக்கும் ஒரு சின்னப் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி சில வாரங்களாக மதியச் சாப்பாட்டைத் தொடுவதில்லை. நோட்டில் எழுதியதை எல்லாம் தாள் கிழியும் அளவுக்கு அடித்துவிடுகிறாள். கேட்டால் "ஒண்ணுமில்ல டீச்சர்" என்பதோடு சரி.

2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தந்த வழிகாட்டுதல்படி, 100 மாணவர்களோ அதற்கு மேலோ உள்ள கல்வி நிறுவனங்கள் தகுதியான ஆலோசகரை அமர்த்த வேண்டும். அதற்குக் குறைந்தால், வெளியிலுள்ள நிபுணர்களோடு முறையான தொடர்பு வைத்துக்கொள்ள வேண்டும். எங்களுக்கு இந்த இரண்டாவதுதான். அந்த நிபுணர் எங்கே இருக்கிறார்? ஊட்டிக்கு அழைத்துப் போனால் அம்மாவுக்கு ஒரு நாள் கூலி போச்சு.

அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலி மானஸின் எண் 14416ஐச் சுவரில் எழுதி வைத்திருக்கிறோம். தமிழிலேயே பேசலாம், நல்ல ஏற்பாடு. ஆனால் தோட்டத்தில் வரிசையாக ஒட்டிக் கட்டிய லைன் வீட்டில் ஒரு பிள்ளை தனியாகப் போன் பேச இடம் ஏது?

மாவட்ட மனநலத் திட்டக் குழுவைப் பள்ளிக்கே வரவழைத்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? மனு யாருக்கு எழுதினீர்கள்? மாதம் ஒரு முறையாவது மலையேறி வரக்கூடிய ஆலோசகர் யாரையாவது தெரியுமா? போக்குவரத்துச் செலவை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். இன்பாக்ஸில் சொல்லுங்கள். பிள்ளையின் விவரம் மட்டும் தயவுசெய்து கேட்க வேண்டாம்.