வாந்தி, பேதி மற்றவர்களுக்குப் பரவாமல் வீட்டை எப்படிச் சுத்தம் செய்வது?

கேள்வி: வீட்டில் ஒருவருக்கு வாந்தி, பேதி. தரைக்கு பினாயில் போதுமா? பிளீச் என்றால் எவ்வளவு கலக்கணும்? கைக்கு சானிடைசர் போதும்தானே?

பதில் 1: பினாயிலை நம்ப வேண்டாம். ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு வேகமாகத் தொற்றுவது பெரும்பாலும் நோரோவைரஸ் என்ற வயிற்றுக் கிருமி. அதற்கு குளோரின் உள்ள பிளீச்தான் சரி. 5 சதவீத பிளீச் என்றால் லிட்டர் தண்ணீருக்கு 20 மில்லி. வாந்தி விழுந்த இடத்துக்கு 100 மில்லி வரை கலக்கலாம். கையுறை போட்டு, காகிதத்தால் அள்ளி, பையில் கட்டிவிட்டு, சோப்புத் தண்ணீரால் துடைத்த பிறகே பிளீச். அழுக்கின் மேலேயே ஊற்றினால் குளோரின் அதிலேயே தீர்ந்துபோகும், கிருமி அப்படியே இருக்கும். 5 நிமிடமாவது ஈரமாக விடுங்கள். ஊற்றியதும் துடைத்துவிடுவதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். குழாய்த் திருகு, கதவுப் பிடி, ஃபிளஷ் பொத்தானையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பதில் 2: முக்கியமானது விட்டுப்போச்சு. கழிப்பறை ஆசிட்டோடு பிளீச் சேரவே கூடாது, குளோரின் வாயு கிளம்பும். ஜன்னலைத் திறந்து வையுங்கள். வெந்நீரில் கலந்தால் வீரியம் போய்விடும். கலந்தது அன்றைக்கு மட்டும்தான்.

பதில் 3: சானிடைசர் இந்த வைரஸிடம் அவ்வளவாக எடுபடாது. சோப்பு போட்டு 20 விநாடி, நக இடுக்கு, கட்டைவிரல் எல்லாம் தேய்த்துக் கழுவணும். நோயாளிக்குத் தனித் துண்டு.

கேள்வி கேட்டவர்: நன்றிங்க. துணிகளை என்ன செய்வது? வாந்தி, பேதி நின்ற பிறகு நோயாளி சமைக்கலாமா?

பதில் 3: துணியை உதறாதீர்கள். தனியாக, துணி தாங்கும் அளவு சூடான நீரில் துவையுங்கள். சமையலுக்கு, எல்லாம் நின்று 48 மணி நேரமாவது போகட்டும். அதன் பிறகும் சில நாள் மலத்தில் வைரஸ் வரும்.