ஐடி உள்ள ஆள் வாங்கி, வெளியில நிக்கிற பெடியளுக்குக் குடுக்கிறார்

லண்டன் ஈஸ்ட்ஹாமில ஒரு சின்ன ஆஃப் லைசன்ஸ் கடையில (வீட்ட கொண்டு போய்க் குடிக்க மதுவகை விக்கிற கடை) கவுண்டரில நிக்கிறன். ஆறு கிழமையா, வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் விட்டாப்பிறகு இதே கூத்து. முப்பது வயசு மதிக்கிற ஒருத்தர் நாலு கேன் சைடர் (ஆப்பிளில செய்யிற மது) எடுப்பார். காசு முழுக்க ஒரு பவுண் குத்தியள், பெடியளின்ர கைச்சூடு ஆறாமலே வரும்.

எங்கட கடையில சேலஞ்ச் 25, அதாவது 25க்குக் குறைஞ்ச வயசு போலத் தெரியிற எல்லாரிட்டையும் ஐடி கேப்பம். பாஸ்போர்ட், டிரைவிங் லைசன்ஸ், பாஸ் ஹோலோகிராம் போட்ட வயசு உறுதி காட், இவ்வளவுதான் எடுப்பன். போனில காட்டுற படம் சரிவராது. அதாலதான் பெடியள் இந்த ஆளைப் பிடிச்சிருக்கினம்.

18க்குக் குறைஞ்சவைக்கு வாங்கிக் குடுக்கிறது 2003 லைசன்சிங் சட்டப்படி அவருக்குக் குற்றம். ஆனா விசாரணை எண்டு வந்தா கடைக்குத்தானே தலையிடி!

போன கிழமை மறுத்தன். "எனக்குத்தான்" எண்டு கத்தி, சூயிங்கம் தட்டைத் தட்டி விட்டிட்டுப் போனார். விக்க மறுத்ததுகளைப் பதியிற மறுப்புப் புத்தகத்தில நேரத்தையும் போட்டு எழுதினன். முதலாளி கமராவை வாசல் பக்கம் திருப்பினார். பெடியள் இப்ப பஸ் ஸ்டொப்பில நிக்கிறாங்கள்.

காசு கைமாறினதைக் கண்ணால காணாமல், சண்டை வராமல் மறுக்க நீங்கள் கவுண்டரில என்ன சொல்லுவீங்கள்?