கலைச்சொல் தேடல்: எக்ஸாஸ்ட் ஹெடரைத் தமிழில் என்ன சொல்லலாம்?

மிஷிகனிலிருந்து

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

டெட்ராய்ட்டுக்கு வடக்கே, வுட்வர்டு அவென்யூவுக்கு நடந்து போகும் தொலைவில் குடியிருக்கிறேன். 1995 முதல் ஆண்டுதோறும் ஆகஸ்டு மூன்றாம் சனிக்கிழமை அந்தச் சாலையில் பழைய கார்களின் பவனி நடக்கும். பத்து வருடம் ஓரத்தில் நின்று பார்த்த பிறகு நானும் ஒன்றை வாங்கினேன். 1970 செவர்லே செவெல், 350 கன அங்குல வி8 எஞ்சின், பக்கத்துக்கு நான்காக எட்டுச் சிலிண்டர். சிலிண்டர்களின் புகையைச் சேர்த்து வெளியே அனுப்புவது மேனிஃபோல்டு. போன மாதம் அதன் பழைய வார்ப்பிரும்பு மேனிஃபோல்டைக் கழற்றிவிட்டு, அதே இடத்தில் பொருந்தும் குழாய்த் தொகுதியான ஹெடரைக் கடையில் வாங்கி மாட்டினேன்.

செய்த வேலையை நம் மொழியில் எழுதி வைக்க உட்கார்ந்தேன். இரண்டாவது வரியிலேயே நின்றுவிட்டது. ஹெடரைத் தமிழில் எப்படிச் சொல்வது? ‘தலைப்பி’ என்றால் பக்கத்தின் தலைப்பு நினைவுக்கு வருகிறது. ‘வெளியேற்று தலைக்குழாய்’ என்று எழுதிப் பார்த்தேன். எதை வெளியேற்றுகிறது, எதற்குத் தலை என்று படிப்பவருக்கு ஒன்றும் விளங்காது.

மசில் கார் என்பதை மொழிபெயர்க்கச் சொல்லிக் கேட்கவில்லை. 1960களிலும் 70களின் தொடக்கத்திலும் அமெரிக்காவில் பெரிய வி8 எஞ்சினோடு வந்த வண்டிகளுக்கு அது பெயர். பெயராகவே இருக்கட்டும். ஹெடர் அப்படியில்லை, அது ஒரு கருவி. அது செய்யும் வேலை சொல்லில் தெரிய வேண்டும்.

கோவையிலிருந்து

தம்பிக்கு,

பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன் நான். மேனிஃபோல்டைத் தமிழ்வழி மாணவர்களுக்குப் ‘பன்வாய்க் குழாய்’ என்று சொன்னேன். பல வாய் உள்ள குழாய் என்றதும் பிடித்துக்கொண்டார்கள். ஹெடரும் ஒருவகை மேனிஃபோல்டுதானே? வார்ப்பில் செய்யாமல் குழாயை வளைத்துப் பற்றவைத்துச் செய்கிறார்கள், அவ்வளவுதான். ‘குழல் பன்வாய்’ போதாதா?

இன்னொன்று. நம் ஊர் பட்டறையில் பைக் எஞ்சினிலிருந்து சைலன்சருக்குப் போகும் குழாயைப் பெண்ட் பைப்பு என்பார்கள். அதைத் தழுவி ‘வளைகுழல்’ எனலாம். அல்லது பாசன வழக்கிலிருந்து எடுக்கலாம். வாய்க்காலில் தலைமடை, கடைமடை என்று இருக்கிறதே. எஞ்சினை ஒட்டியது தலைமடைக்குழல், பின்னால் புகை வெளியேறும் இடம் கடைமடைக்குழல். ஆங்கிலத்திலும் முன்னால் தலை, பின்னால் வால் என்றுதானே பெயர் வைத்திருக்கிறார்கள்.

மிஷிகனிலிருந்து

ஐயா, வணக்கம்.

கடைமடைக்குழல் என்ற சொல் மனதில் ஒட்டிக்கொண்டது. டெயில் பைப்புக்கு அதை நான் எடுத்துக்கொள்கிறேன். தலைமடைதான் இடிக்கிறது. தலைமடையில் ஒரு வாய்க்கால் நீர் பல வயலுக்குப் பிரிகிறது. ஹெடரில் போக்கு தலைகீழ். நான்கு வழியில் வருவது ஒன்றாகச் சேர்கிறது. கொதிகலன் வேலையிலும் பல குழாய்கள் வந்து சேரும் பெரிய குழாயை ஹெடர் என்றுதான் சொல்கிறார்கள். ஆக, சேர்தல் என்ற பொருள் சொல்லுக்குள் இருந்தே ஆக வேண்டும்.

வளைகுழல் பற்றி: வளைவு அதன் வடிவம்தான், வேலை அல்ல. ஒற்றைச் சிலிண்டர் பைக்கில் பெண்ட் பைப்போடு வந்து சேர வேறு குழாய் கிடையாது. அங்கே அந்தப் பெயர் பொருத்தம். வி8 எஞ்சினில் போதாது.

குழல் பன்வாய் மீதுதான் எனக்குப் பெரிய மறுப்பு. மேனிஃபோல்டுக்கும் ஹெடருக்கும் உள்ள வேறுபாடு வார்ப்பா, பற்றவைப்பா என்பதில் இல்லை, எப்போது சேர்கிறது என்பதில் இருக்கிறது. இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும்.

350 எஞ்சினில் சிலிண்டர்கள் எரியும் வரிசை 1-8-4-3-6-5-7-2. ஓட்டுநர் பக்கம், அதாவது இடப்பக்கம், 1, 3, 5, 7 சிலிண்டர்கள். வரிசையில் 5க்கு அடுத்து 7. இரண்டும் ஒரே பக்கம், அதுவும் பக்கத்துப் பக்கத்தில். கிராங்க் என்னும் சுழல்தண்டு 90 பாகை திரும்புவதற்குள் ஐந்தாவதைத் தொடர்ந்து ஏழாவது எரிகிறது. ஐந்தாவதின் புகை வால்வு இன்னும் திறந்தே இருக்கும்போது ஏழாவது தன் புகையை முழு அழுத்தத்தோடு வெளியே தள்ளும். வார்ப்பிரும்பு மேனிஃபோல்டில் இரண்டுக்கும் நடுவே சில அங்குலம்தான். ஏழாவதின் அழுத்தம் ஐந்தாவதின் வாசலில் போய் முட்டும். வெளியேற வேண்டிய புகை தயங்கி நிற்கும்.

ஹெடரில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் சொந்தமாக ஒரு குழல். என் வண்டியில் ஒவ்வொன்றும் 1⅝ அங்குல விட்டம். நீளவகை ஹெடரில் ஒவ்வொரு குழலும் ஏறத்தாழ 30 முதல் 36 அங்குலம் தனியாகவே ஓடி, அப்புறம்தான் நான்கும் ஒரு 3 அங்குல வாயில் சேர்கின்றன. அந்த இடைவெளியில்தான் எல்லாம் இருக்கிறது. வால்வு திறந்ததும் கிளம்பும் அழுத்த அலை, குழல் அகன்று திறக்கும் அந்த இடத்தைத் தொட்டதும் திரும்புகிறது. திரும்பும்போது அது தள்ளும் அலையாக இல்லை, இழுக்கும் அலையாக மாறி வருகிறது. புகை வால்வு மூடும் முன், காற்று வால்வு திறந்த அந்தச் சின்ன நேரத்தில் வந்து சேர்ந்தால், மிச்சப் புகையை உறிஞ்சி எடுத்துப் புதுக் காற்றையும் உள்ளே இழுத்துவிடும். குழலின் நீளம் எந்த வேகத்துக்கு இந்த உதவி கிடைக்கும் என்று முடிவு செய்கிறது. நீளம் கூடினால் குறைந்த சுழற்சியிலேயே கிடைக்கும், குறைந்தால் உயர் சுழற்சியில்தான்.

அதனால் ஹெடர் என்பது ‘தனியே ஓடிப் பிறகு கூடுவது’. பன்வாய் என்பது ‘வாசலிலேயே கலப்பது’. இந்த இரண்டையும் ஒரே சொல்லுக்கு அடைமொழி வைத்துப் பிரித்தால், படிப்பவர் அது வெறும் செய்பொருள் வேறுபாடு என்றே நினைப்பார். பணம் கொடுத்து ஹெடர் வாங்கும் பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். கனம் குறையும், சத்தம் கூடும் என்பதோடு நிறுத்திவிடுகிறார்கள்.

என் முன்மொழிவு: கூடற்குழல். ஆறுகள் சேரும் இடம் கூடல். மதுரைக்கும் அதுதான் பெயர். நான்கு குழல்கள் சேரும் வாய்க்குக் ‘கூடல்’ என்றே சொல்லிவிடலாம். ஒவ்வொரு சிலிண்டருக்கும் உரியது ‘தனிக்குழல்’.

ஈரோட்டிலிருந்து

வணக்கம். எனக்கு எஞ்சின் தெரியாது, ஆனால் இந்த மடலைப் படித்ததும் வேலை புரிந்துவிட்டது. சொல் சரியான பக்கம்தான் போகிறது. ஓசை மட்டும் தடுக்கிறது. கூடற்குழல் என்பதில் ‘ற்கு’ வாயில் சிக்குகிறது. பட்டறையில் கிரீஸ் கையோடு ஒருவர் இன்னொருவரைப் பார்த்துக் கத்திக் கேட்கும் சொல் அப்படி இருக்கக் கூடாது. எழுதும்போதும் பாதிப் பேர் கூடல்குழல் என்றும், பாதிப் பேர் கூடற்குழல் என்றும் எழுதுவார்கள். தேடினால் இரண்டும் வேறு வேறாகக் கிடைக்கும்.

எங்கள் பக்கம் பவானியில் காவிரியும் பவானியாறும் சேரும் இடத்தைக் கூடுதுறை என்கிறோம். அதேபோலக் கூடுகுழல் என்று வைத்தால் என்ன? வினைத்தொகை. கூடிய குழல், கூடுகின்ற குழல், கூடும் குழல் என்று மூன்று காலமும் உள்ளே அடங்கும். நடுவில் ஒற்று மிகாது, புணர்ச்சிக் குழப்பம் இல்லை. அடுப்பு ஊதும் ஊதுகுழலை எல்லோருக்கும் தெரியும். அதே நடை, அதே எடை.

‘கூடு’ என்றால் பறவைக் கூடு என்று யாராவது நினைப்பார்களோ என்று யோசித்தேன். நினைக்க மாட்டார்கள். அது பெயர்ச்சொல்லாக இருந்தால் வீட்டுத்தோட்டம், ஆற்றுப்பாலம் போலக் கூட்டுக்குழல் என்றாகியிருக்கும். ஒற்று இரட்டிக்காததே இது வினை என்று சொல்லிவிடுகிறது.

கோவையிலிருந்து

ஈரோட்டு அம்மா சொன்னது சரி. ஊதுகுழலோடு சேர்த்துச் சொல்லிப் பார்த்தேன், உடனே பழகிவிட்டது. குழல் பன்வாய் என்ற என் சொல்லைத் திரும்பப் பெறுகிறேன். பன்வாய் வார்ப்பிரும்புக்கே இருக்கட்டும். ஒன்றை மட்டும் அதன் சார்பில் பதிவு செய்ய ஆசை. பன்வாய் மட்டமான பொருள் அல்ல. தடித்த சுவர் என்பதால் சத்தம் அடங்கும், பல பத்தாண்டு உழைக்கும், எஞ்சின் பகுதிக்குள் சூடும் குறைவு. கட்டுரையில் இதையும் தம்பி எழுத வேண்டும்.

நீளவகை, குட்டைவகை இரண்டுக்கும் பெயர்? நான்கு குழல் இரண்டாகி, அந்த இரண்டு ஒன்றாகும் வகையும் இருக்கிறது.

மிஷிகனிலிருந்து

ஐயாவுக்கும் அக்காவுக்கும் நன்றி. நெடுங்கூடுகுழல், குறுங்கூடுகுழல் என்று எழுதிப் பார்த்தேன். நீளமாக இருந்தாலும் உடைத்துப் படிக்க முடிகிறது. நான்கு இரண்டாகி ஒன்றாவதை ‘இருநிலைக் கூடுகுழல்’ எனலாம். ஃபிளாஞ்சு (எஞ்சினோடு பொருந்தும் முனைத் தட்டு), கேஸ்கட் (இடையில் வைக்கும் கசிவுத் தடுப்பு), ஸ்டார்ட்டர் ஆகியவற்றை அப்படியே விட்டுவிட்டேன். பட்டறையில் எல்லோருக்கும் பழகியவை, ஒரே கட்டுரையில் எல்லாவற்றையும் மாற்றினால் கூடுகுழலும் கூட்டத்தில் காணாமல் போகும்.

சொல் தாங்குகிறதா என்று பார்க்க, கட்டுரையிலிருந்து ஒரு பகுதி கீழே. திருத்தங்களைத் தயங்காமல் சொல்லுங்கள்.

“முந்தின நாள் இரவே பன்வாய் போல்ட்டுகளுக்குத் துரு இளக்கும் எண்ணெய் விட்டு வையுங்கள். மறுநாள் எஞ்சின் முழுக்க ஆறியிருக்க வேண்டும். பேட்டரி இணைப்பை எடுத்துவிட்டு, வண்டியை ஜாக்கியால் தூக்கி ஸ்டாண்டின் மேல் நிறுத்துங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்காதீர்கள். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி வைத்தால் கை போக இடம் கிடைக்கும், பீங்கானும் உடையாது.

ஐம்பது வருடச் சூடு வாங்கிய போல்ட்டு முறுக்கினால் உடையும். எனக்குக் கடைசிச் சிலிண்டர் பக்கம் ஒன்று உடைந்தது. சிலிண்டர் ஹெட்டில் மிச்சமிருந்த துண்டைச் சூடாக்கி, பூட்டும் இடுக்கியால் பிடித்து, முன்னும் பின்னும் அசைத்து அசைத்து எடுக்க ஒரு மாலை முழுதும் போயிற்று. ஆறுதல் என்னவென்றால், அவசரப்பட்டுத் துளையிடவில்லை.

இடப்பக்கக் கூடுகுழல்தான் கடினம். ஸ்டியரிங் பெட்டியும் அதன் தண்டும் வழியில் நிற்கும். நெடுங்கூடுகுழலை மேலிருந்து இறக்க முடியாது, கீழிருந்துதான் ஏற்ற வேண்டும். எஞ்சின் தாங்கியின் போல்ட்டை எடுத்து, எஞ்சினை ஓரிரு அங்குலம் தூக்கினால் உள்ளே போகும். கையால் கியர் மாற்றும் வண்டியில் கிளட்ச் நெம்புகோலும் குறுக்கே வரும். வலப்பக்கம் ஸ்டார்ட்டரை முதலில் கழற்றிவிடுங்கள், பின்னால் அதை எடுக்க இடம் இராது.

பன்வாயின் வார்ப்பு முகம் கனமானது. கூடுகுழலின் ஃபிளாஞ்சு மெல்லியது, சூட்டில் சற்று நெளியும். ஆகவே நல்ல கேஸ்கட் போடாமல் மாட்டாதீர்கள். பக்கத்துக்கு ஆறு போல்ட்டு. எல்லாவற்றையும் விரலால் சில சுற்று ஏற்றிய பிறகே ஸ்பேனரைத் தொடுங்கள். நடுவில் தொடங்கி இரு ஓரங்களுக்கும் மாறி மாறி இறுக்குங்கள், 20–25 பவுண்டு-அடி போதும்.

தனிக்குழல்கள் பிளக் கம்பிகளுக்கு மிக அருகில் ஓடும். கம்பிகளுக்குச் சூடு தாங்கும் உறை போட்டு, குழலைத் தொடாதபடி கட்டுங்கள். முதல்முறை கிளப்பும்போது புதிய கூடுகுழலின் பெயின்டும் எண்ணெயும் எரிந்து புகையும், பயப்பட வேண்டாம். கார்புரேட்டரின் எரிபொருள் அளவையும் மறுபடி சரிபார்க்க வேண்டும். காற்று அதிகம் போவதால் கலவை நீர்த்துப் போயிருக்கலாம். எஞ்சின் ஒருமுறை நன்றாகச் சூடாகி ஆறிய பிறகு பன்னிரண்டு போல்ட்டுகளையும் மறுபடி இறுக்குங்கள். நூறு மைல் ஓடிய பின் இன்னொரு முறை. கூடலுக்கும் பின்குழாய்க்கும் இடையே உள்ள மூன்று போல்ட்டுகளையும் மறக்காதீர்கள். ‘டிக் டிக்’ என்ற சத்தம் பெரும்பாலும் அங்கிருந்தோ கேஸ்கட்டிலிருந்தோதான் வரும்.”