குடல் லிம்போமாவும் பித்தநாள நோயும்: அனுபவமுள்ளவர்களின் உதவி தேவை

குழுவில் உள்ள அனைவருக்கும் வணக்கம். 46 வயதான என் அண்ணனுக்குப் பெருங்குடல் அழற்சியும், பித்தநாளங்கள் தழும்பேறிச் சுருங்கும் பி.எஸ்.சி. நோயும் 9 ஆண்டுகளாக இருக்கின்றன. சென்ற மாதம் சிறுகுடலில் எடுத்த பயாப்ஸியில் பி செல் லிம்போமா (ஒருவகை நிணநீர்ப் புற்று) என்று முடிவு வந்திருக்கிறது. இரவில் உள்ளங்கை அரிப்புத் தாங்காமல் சீப்பால் சொறிந்துகொண்டே உட்கார்ந்திருக்கிறார்.

பி.எஸ்.சி. உள்ளவர்களில் பெரும்பாலோருக்குக் குடல் அழற்சியும் இருக்கும் என்பதும், பித்தநாளப் புற்றுக்கும் பெருங்குடல் புற்றுக்கும் அவர்களிடம் வாய்ப்பு அதிகம் என்பதும் எங்களுக்குத் தெரியும். ஆனால் லிம்போமா எதனால் வந்தது? அவர் 7 ஆண்டுகள் சாப்பிட்ட, நோயெதிர்ப்பாற்றலைக் குறைக்கும் அசாதியோப்ரின் மருந்து அந்த அபாயத்தைக் கூட்டக்கூடியது என்பதால், பயாப்ஸித் திசுவில், இத்தகைய லிம்போமாவோடு தொடர்புடைய எப்ஸ்டீன் பார் வைரஸ் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லிக் கேட்கலாமா?

அதைவிட அவசரமான கேள்வி அவருக்கு இப்போது இருக்கும் மஞ்சள் காமாலையைப் பற்றியது. எம்.ஆர்.சி.பி. (பித்தநாளங்களைக் காட்டும் எம்.ஆர்.ஐ. ஸ்கேன்) படத்தில் பித்தநாளங்கள் கோத்த மணிகளைப் போல இடையிடையே இறுகித் தெரிகின்றன. இது பழைய சுருக்கமா, அல்லது ஈரல் வாயிலில் வீங்கிய நிணநீர்க் கணுக்கள் நாளத்தை வெளியிலிருந்து அழுத்துகின்றனவா என்பது இன்னும் தெளிவாகவில்லை. வின்கிரிஸ்டின், டாக்சோரூபிசின் ஆகிய கீமோ மருந்துகள் பெருமளவு பித்தத்தின் வழியாகவே வெளியேறுவதால், காமாலையின் அளவைக் காட்டும் பிலிருபின் 6 இருக்கும் இந்நிலையில் முழு அளவு கொடுக்க மருத்துவர் தயங்குகிறார். அவருடைய தயக்கம் எங்களுக்கு நியாயமாகவே படுகிறது.

முதலில் ஸ்டென்ட் (நாளத்தைத் திறந்து வைக்கும் சிறு குழாய்) வைத்துக் காமாலையைக் குறைத்த பிறகு கீமோ எடுத்தவர்களோ, நேரடியாகத் தொடங்கியவர்களோ இருந்தால் உங்கள் அனுபவத்தை எழுதுங்கள். கீழாநெல்லியைப் பரிந்துரைக்க வேண்டாம் என்று அன்புடன் கேட்டுக்கொள்கிறேன். அடைபட்ட நாளத்தை அது திறக்காது. வரும் வியாழக்கிழமை மருத்துவரைப் பார்க்கிறோம்.